முட்டையின் கணக்கில் தாமிரபரணி

நாடுகளை மேலிருந்து கீழாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கிலோ முட்டைக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்று எழுதிய பட்டியல் ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் நெதர்லாந்தில் வேலை பார்க்கும் அத்தான். ஐரோப்பிய நாடுகள் அடியில் இருந்தன, நம்மைப் போன்ற நாடுகள் உச்சியில் இருந்தன. ஆலங்குளம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் எங்கள் மாமாவுக்குப் பயன்படட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அத்தான் அனுப்பினார். மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நம்ம முட்டையில புகை சாஸ்தின்னு போட்டிருக்கான். சரி, இருக்கட்டும். நான் என்ன செய்யணும்னு இதுல எங்கயாவது சொல்லியிருக்கானா?"

சொல்லவில்லை. மாமாவின் பண்ணை வரவு செலவை எழுதுகிறவள் நான். தீவனச் சீட்டு, குஞ்சு பில், கரண்டு பில், எரு ஏற்றிப் போகும் லாரிக்காரர் தரும் பணம் எல்லாம் என் கையால்தான் நோட்டில் ஏறுகின்றன. அதனால் அவர் கேள்வி என்னைத்தான் கேட்டதுபோல் இருந்தது. ஒரு நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் அந்த ஒற்றை எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கி, நாடு என்ற அலகே இதற்குப் பொருந்துமா என்ற இடத்தில் இப்போது நிற்கிறேன்.

முதலில் உலக சராசரியையே எடுத்துக்கொள்ளலாம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட பன்றி, கோழி பற்றிய அறிக்கை, ஒரு கிலோ முட்டைக்கு 3.7 கிலோ என்கிறது. (மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்றிச் சேர்த்த கணக்கு. இனி நான் சொல்லும் கிலோக்களும் அப்படித்தான்.) 2018-இல் ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, 119 நாடுகளில் எல்லா உணவுகளுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவை வைத்து 4.67 கிலோ என்கிறது. இரண்டும் மதிப்பான உழைப்பு. ஒரே பூமியின் ஒரே முட்டைக்கு அவற்றுக்குள்ளேயே ஒரு கிலோ வித்தியாசம் வருகிறது. எந்தத் தரவு, எங்கே எல்லைக்கோடு, எதை யார் தலையில் கட்டுவது என்பதைப் பொறுத்து எண் மாறும். இரண்டு நாடுகளுக்கு நடுவே அரை கிலோ வித்தியாசம் இருப்பதாகப் பட்டியல் சொன்னால், அந்த அரை கிலோ நாட்டினுடையதா, கணக்கு போட்டவருடையதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்து, ஒரே நாட்டுக்குள் காலம் செய்யும் மாற்றம். அமெரிக்காவில் 1960-ஐயும் 2010-ஐயும் ஒப்பிட்டு நேதன் பெல்லட்டியர் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கிலோ முட்டைக்கான உமிழ்வு அந்த ஐம்பது ஆண்டுகளில் 71 சதவீதம் குறைந்திருந்தது. 1960-இல் ஒரு கிலோ முட்டைக்கு 3.44 கிலோ தீவனம் தேவைப்பட்டது, 2010-இல் 1.98 கிலோ போதுமானதாக இருந்தது. கனடாவைப் பற்றிய கணக்கும் ஏறக்குறைய இதே அளவு சரிவைக் காட்டுகிறது. மாமாவின் நோட்டை எடுத்து நானும் வகுத்துப் பார்த்தேன். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்கிறது, ஆண்டுக்கு 40 கிலோ. 310 முட்டை, ஒவ்வொன்றும் 55 கிராம் என்று வைத்தால் 17 கிலோ முட்டை. ஒரு கிலோவுக்கு 2.35 கிலோ தீவனம் ஆகிறது. அமெரிக்காவின் 1960-க்கும் 2010-க்கும் நடுவில், 2010-க்குப் பக்கத்தில் ஆலங்குளம் இருக்கிறது. மாமாவிடம் சொன்னபோது, "அப்பம் நம்ம கோழி அவ்வளவு மோசமில்லல்லா" என்றார். மோசமில்லைதான். முட்டையின் உமிழ்வில் பெரும்பங்கு தீவனம் விளைந்த வயலிலிருந்தே வருவதால், இந்த 2.35-ஐ 2.2 ஆக்கினால் அதுவே பெரிய வேலை. அதற்கு நெதர்லாந்து ஆக வேண்டியதில்லை. தீவனத் தொட்டியில் சிந்துவதை நிறுத்துவதிலும், கோடையில் ஷெட்டின் மேல் தண்ணீர் தெளித்து வெக்கையைக் குறைப்பதிலும் அதில் ஒரு பகுதி கிடைக்கும்.

தவிடு

தீவனச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனபோதுதான் என் எண்ணம் திரும்பியது. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல், தாதுக்கலவை. மக்காச்சோளம் சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக விளைந்தது. தவிடு வந்த வழியைக் கேட்டேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்து நெல் ஆலைக்குப் போய், தவிடு எண்ணெய் ஆலைக்குப் போய், மிச்சம் இங்கே வந்திருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் கட்டி விளைவித்த பிசானப் பருவத்து நெல்லின் தவிடு. தண்ணீர் நிற்கும் வயலில் காற்று புகாத சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. அந்த மீத்தேனில் எங்கள் கோழியின் பங்கு எவ்வளவு?

உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் நெல்வயல் மீத்தேன் தீவனத்தின் பேரில் ஏறவே செய்கிறது. எனவே இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2006 வழிகாட்டுதலில், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.3 கிலோ மீத்தேன் என்று ஓர் அடிப்படை எண் உண்டு. 110 நாள் பயிருக்கு 143 கிலோ. கரியமில வாயுவுக்கு ஈடாக்க மீத்தேனை 28-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு நாலு டன். விளைச்சல் ஐந்து டன் நெல் என்றால், ஒரு கிலோ நெல்லுக்கு 0.8 கிலோ வருகிறது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அரிசி 67, உமி 20, தவிடு 8 என்ற அளவில் கிடைக்கும். எடையை வைத்துப் பங்கு போட்டால் ஒரு கிலோ தவிட்டின் தலையில் 0.8 கிலோ ஏறும். விலையை வைத்துப் போட்டால், தவிடு அரிசியின் விலையில் பாதிகூட இல்லாததால், அரை கிலோதான். "நெல் அரிசிக்காக விளைகிறது, தவிடு கழிவு" என்றால் பூஜ்யம். மூன்றும் ஆய்வுலகில் புழங்கும் வழிகள், மூன்றுக்கும் நியாயம் உண்டு. தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு தவிடு என்று வைத்தால், மாமாவின் ஒரு கிலோ முட்டைக்கு இதனால் வருவது கிட்டத்தட்ட 0.2, அல்லது 0.1, அல்லது ஒன்றுமேயில்லை.

0.2 சின்ன எண்தானே என்று தோன்றலாம். இந்த ஒரு சரக்கால் மட்டும் பட்டியல் தலைகீழாகிவிடாது என்பது உண்மை. ஆனால் சீட்டில் அடுத்த வரி சோயா. அங்கேயும் எண்ணெயும் புண்ணாக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கோழி விஷயமும் அப்படியே. முட்டை ஓய்ந்த பிறகு லேயர் கோழி என்று கறிக்கடைக்குப் போகிறதே, அதற்கு எவ்வளவு? குஞ்சுப் பண்ணையில் பொரிந்த சேவல் குஞ்சுகளுக்கு எவ்வளவு? ஜெர்மனி 2022 தொடக்கத்தில் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை அங்கே அவை பொரித்த அன்றே கொல்லப்பட்டன. நம் ஊரில் சில குஞ்சுகள் பச்சையும் ரோஸும் பூசிக்கொண்டு சைக்கிள் கூடையில் தெருவுக்கு வரும். அவற்றை வாங்கி வளர்த்துக் கறியாக்கிய வீடுகள் எனக்குத் தெரியும். எந்தக் கணக்கிலும் அந்தக் கூடை ஏறாது. பங்கு போடும் இடம் இப்படி ஐந்தாறு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் ஒரு வழி, இன்னொருவர் வேறு வழி என்று போனால், இரு நாடுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருளே இல்லாமல் போகிறது.

சோயாவில் இன்னும் பெரிய விஷயம் காடு. காட்டை அழித்து நிலமாக்கினால், அப்போது வெளியேறிய கரியமில வாயுவை அடுத்த இருபது ஆண்டு விளைச்சலின் மேல் பரப்பி எழுதுவது வழக்கம். பிரேசில் சோயாவின் எண் ஏறுவது இதனால்தான். ஐரோப்பா தனக்கு வேண்டிய சோயாவில் பெரும்பகுதியை பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரவழைக்கிறது. நமக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம். மால்வா கரிசலில் சோயா பரவி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இருபது ஆண்டு விதிப்படி அந்த நிலத்தின் பழைய கதை கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆகவே காட்டை எழுதும் பட்டியலில் ஐரோப்பிய முட்டை ஏறும், எழுதாத பட்டியலில் இறங்கும். அத்தான் அனுப்பிய பட்டியலின் அடியில் காடு சேர்ந்ததா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. பிரேசிலில் மரம் வெட்டிய புகை நெதர்லாந்து முட்டையின் பேரில் எழுதப்படுவதா, பிரேசிலின் பேரிலா என்பது தீராத விவாதம். தின்கிற கோழி இருக்கும் நாட்டின் பேரில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. நாம் வெளியிலிருந்து சோயா வாங்கினால் நமக்கும் அதே விதிதான்.

ஒழுகும் நிப்பிள்

ஷெட்டுக்குள் போய் நின்றால் இதெல்லாம் இன்னும் தெளிவாகும். உயரத்தில் கூண்டுகள், அடியில் எரு. காய்ந்த எரு தானாகவே கூம்பு கூம்பாக எழும்பி நிற்கும், மேலே சாம்பல் நிறப் பொருக்கு, தொட்டால் பொடியும். வாடை உண்டு, கண் எரியாது. ஆனால் தண்ணீர்க் குழாயில் கோழி கொத்திக் குடிக்கும் முனையான நிப்பிள் ஒன்று ஒழுகினால் போதும். அதற்கு நேர் கீழே கூம்பு கரைந்து, கருஞ்சேறாகி, புழு நெளியும். பத்தடி தள்ளி நின்றாலே அமோனியா மூக்கில் ஏறும். ஒரே ஷெட், ஒரே கோழி, ஒரே தீவனம்.

காய்ந்த கோழி எருவிலிருந்து, வரக்கூடிய மீத்தேனில் ஒன்றரை சதவீதம்தான் வெளியாகும் என்பது 2006 வழிகாட்டுதலின் எண். அதுவே தண்ணீரோடு குழம்பாகத் தேங்கினால், நம் ஊர் வெக்கையில் எழுபது எண்பது சதவீதம் வரை போகும். சொட்டும் நிப்பிளின் அடியில் கிடப்பது முழுக் குழம்பு இல்லைதான். ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் சாரல் உள்ளே அடித்தால் ஷெட்டின் ஓரம் முழுக்க அப்படித்தான் ஆகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஓடியபோது, ஆற்றோரப் பண்ணைகளில் எருவும் தீவனமும் கோழியும் சேர்ந்தே போயின. அதுவரை அந்தக் கோழிகள் தின்ற தீவனத்தின் புகை ஏற்கெனவே வானத்தில் ஏறிவிட்டது, அதற்கு ஈடாக வரவேண்டிய முட்டை வரவில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆண்டின் எண்ணை 'இந்தியா' என்ற வரி எப்படிக் காட்டும்?

எருவுக்கு இன்னொரு முகமும் உண்டு. மாமாவின் எரு களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்குப் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜன். அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும் என்ற வழக்கமான கணக்குப்படி, வயலிலிருந்து மட்டும் ஒரு மூட்டைக்கு 85 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. எருவிலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும் என்பதால் இதை மிச்சம் என்று காட்ட முடியாது. மிச்சப்படுவது யூரியாவைத் தயாரிக்கும் புகை. தூத்துக்குடி உரத் தொழிற்சாலை முன்பு நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளில் ஓடியது, சீனாவில் பெரும்பாலும் நிலக்கரி, வேறு நாடுகளில் இயற்கை எரிவாயு. களக்காட்டு விவசாயி எரு வாங்கியதால் வாங்காமல் விட்ட யூரியாவின் புகையை யார் கணக்கில் கழிப்பது என்பதிலும் நாட்டுக்கு நாடு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு.

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் விற்கும் முட்டையில் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து வருகிறது. தூரத்து முட்டை கெடுதல், பக்கத்து முட்டை நல்லது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஒன்றரை லட்சம் முட்டை ஏற்றிய லாரி ஏறக்குறைய 340 கிலோமீட்டர் ஓடி 75 லிட்டர் டீசல் குடித்தால் 200 கிலோ புகை. அதை எட்டே கால் டன் முட்டைக்குப் பங்கிட்டால் ஒரு கிலோவுக்கு 25 கிராம்கூட வரவில்லை. வெறும் லாரியாகத் திரும்பினாலும் 50 கிராமுக்குள். மாமாவின் ஆசைக்கு எதிராகத்தான் இதைச் சொல்கிறேன், உள்ளூர் முட்டை என்று பலகை வைக்க அவருக்கு ஆசை. வைக்கட்டும், புதிதாக இருக்கும் என்பதற்காக.

வீட்டு முற்றத்துக் கோழி

ஆச்சி வளர்க்கும் நாட்டுக்கோழியின் முட்டை, பண்ணை முட்டையைவிடப் புகை கூடியது என்று உணவு வேளாண் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. முதலில் படித்தபோது மனம் ஏற்கவில்லை. காரணத்தைப் படித்தால் புரிகிறது. அந்தக் கோழி ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டை இடும், அடை காக்கும், குஞ்சோடு அலையும். முட்டை இடாத நாளிலும் அது தின்ன வேண்டும். முட்டை இடாத சேவலும் குஞ்சுகளும் கூட்டத்தில் உண்டு. எல்லாவற்றையும் அந்த இரண்டு இரண்டரைக் கிலோ முட்டையின் தலையில் வகுத்தால் எண் ஏறத்தானே செய்யும். ஆனால் ஆச்சியின் கோழி தின்பது கழுநீர்ச் சோறும், களத்து ஓரம் சிந்திய நெல்லும், கறையானும், வெட்டுக்கிளியும். யாரும் அதற்காக வயலில் உரம் போடவில்லை. அந்தத் தீனிக்கு எவ்வளவு புகை எழுதுவது என்ற இடத்தில்தான் எண் முடிவாகிறது. நாட்டுக்கோழி அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் மேலே ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆச்சியின் முற்றத்தில் கோழியை எடுத்துவிட்டால் வானத்தில் ஏதாவது குறையுமா? மிகக் கொஞ்சம்தான் குறையும். பேறுகாலம் முடிந்த பெண்ணுக்கு ஒரு முட்டை குறையும்.

எதால் வகுப்பது

இந்தியாவில் 2023-24-இல் 14,277 கோடி முட்டை உற்பத்தியானது, ஆளுக்கு ஆண்டுக்கு 103 என்று அரசுக் கணக்கு. ஜப்பானிலும் மெக்சிகோவிலும் ஒருவர் 300-க்கு மேல் சாப்பிடுகிறார். 103 முட்டை என்பது ஐந்தே முக்கால் கிலோவுக்குள். 3.7 என்று வைத்தாலும் 4.67 என்று வைத்தாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 21 முதல் 27 கிலோ. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் காரில் ஒருமுறை போனால் நாற்பது லிட்டர் பெட்ரோல் செலவாகும், புகை 90 கிலோவுக்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டின் ஓராண்டு முட்டையும் ஒரு வழிப் பயணமும் ஏறக்குறைய சமம். ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், ஓர் ஆளுக்கு எவ்வளவு என்ற பத்தியும் இருந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

புரதத்தால் வகுத்தால் காட்சி இன்னும் மாறும். 2018 ஆய்வின்படி 100 கிராம் புரதத்துக்கு முட்டை 4.2 கிலோ, பால் 9.5, பயறு வகைகள் ஒன்றுக்கும் கீழே. பயறுதான் வெல்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை, சுண்டல் எங்கள் வீட்டில் குறைவதே இல்லை. ஆனால் காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். அந்தத் தட்டில் 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக முட்டை வந்து சேர்ந்தது, இன்று பள்ளி நாள்தோறும் வருகிறது. ஆண்டுக்கு 200 முட்டை என்றால் ஒரு பிள்ளைக்கு 40 கிலோ முதல் 50 கிலோ வரை புகை. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் இருந்தால், அதன் இருபது லிட்டர் பெட்ரோல். நாடுகளின் பட்டியலைக் காட்டி இந்த முட்டையைப் பற்றிக் குறை சொல்ல யாராவது வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஒப்பிடவே கூடாது என்பது என் வாதம் இல்லை. ஒரு கிலோ முட்டைக்கு எத்தனை கிலோ தீவனம், சோயா எந்த நிலத்தில் விளைந்தது, தவிட்டுக்கு என்ன பங்கு, எரு காய்ந்ததா ஈரமா, கரண்டு எதிலிருந்து வருகிறது, எத்தனை கோழி செத்தது என்று பத்தி பத்தியாகப் பிரித்து ஒப்பிட்டால் நெதர்லாந்துக்காரரிடமிருந்து மாமாவும், மாமாவிடமிருந்து அவரும் கற்றுக்கொள்ள முடியும். எருவைப் பெல்ட்டில் வாங்கி உலர்த்தும் முறை அங்கே உண்டு. விசிறியோ சூடேற்றியோ இல்லாமல் திறந்த ஷெட்டில் வெயிலையும் காற்றையும் வைத்து எருவைக் காய விடும் முறை இங்கே உண்டு. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும், தவிட்டின் பேரிலும் குறையும். அதை முக்கூடல் விவசாயி செய்தால் ஆலங்குளம் முட்டையின் எண் இறங்கும்.

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் நாடு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை ஒழுகும் நிப்பிளை மாற்று, சாரல் பக்கம் படுதா தொங்கவிடு, சிந்தும் தீவனத்தை நிறுத்துப் பார், செத்த கோழியைத் தேதியோடு எழுது என்று மட்டும் இருக்கிறது. இன்னும் ஒன்று வேண்டும், அது எங்கள் கையில் இல்லை. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திறந்த ஷெட்டின் அடியில் கிடக்கும் எருவிலிருந்து சித்திரையில் எவ்வளவு, கார்த்திகையில் எவ்வளவு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வருகிறது என்று அங்கே உள்ளவர்கள் இரண்டு பருவமும் வந்து அளந்து தரவேண்டும். மாமா ஷெட்டைத் திறந்துவிடத் தயாராக இருக்கிறார், நோட்டை நான் தருகிறேன்.